மணிக்கட்டுக் கருவி எடையை அறியுமா?

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் வழியில் உள்ளது சிலமலை. அங்கிருந்து நாள்தோறும் பேருந்தில் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், சில வாரங்களுக்கு முன் இயற்பியல் ஆய்வகத்தில் தம் இடக்கையை என்முன் நீட்டினார். மணிக்கட்டில் புதிய கருவி ஒன்று கட்டப்பட்டிருந்தது. நேரம் காட்டும், நடந்த அடிகளை எண்ணும், இதயத் துடிப்பைச் சொல்லும், செலவான கலோரியையும் சொல்லும். ஸ்மார்ட் வாட்ச் என்று இன்று எல்லோரும் அழைப்பது இதைத்தான்.

"சார், நேத்து ஜிம்ல லெக் பிரெஸ் மெஷின்ல நூறு கிலோ வச்சு மூணு செட் போட்டேன். கால் நடுங்குது. இது என்ன சொல்லுச்சு தெரியுமா? ரொம்ப நேரமா உட்கார்ந்தே இருக்கீங்க, எழுந்து கொஞ்சம் நடங்கன்னு சொல்லுது. அதே வாட்ச், போன ஞாயித்துக்கெழமை ஏலத் தோட்டத்துக்கு ஜீப்ல போனப்ப, நான் சும்மா உட்கார்ந்திருக்கேன், நடந்ததா கணக்கு ஏத்திக்கிட்டே போகுது."

உடன் நின்றவர்கள் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது சிரிக்கத்தக்கதாக இல்லை. அவருடைய தந்தையார் நீரிழிவு நோயாளி. அவரும் இத்தகைய கருவியொன்றைக் கட்டிக்கொண்டு, மாலையில் அது காட்டும் கலோரி எண்ணைப் பார்த்து, அன்றிரவு எத்தனை இட்லி உண்ணலாம் என்று முடிவு செய்கிறாராம். ஆகவே இக்கருவி எதை அளக்கிறது, எதை அளக்காமலேயே அளந்ததுபோல் காட்டுகிறது என்பதை ஒரு பரிசோதகனின் கண்கொண்டு ஆராய்வது நம் கடமையாகிறது. குறிப்பாக உடற்பயிற்சிக் கூடத்து இயந்திரங்களின் விஷயத்தில் இதனை ஆராய்வோம். இன்று சிற்றூர்களிலும் அத்தகைய கூடங்கள் வந்துவிட்டன. எடை அடுக்கும் கப்பியும் கம்பி வடமும் கொண்ட அந்த இயந்திரங்களின்முன் மணிக்கட்டுக் கருவி பெரிதும் தடுமாறுகிறது.

முதலில் கருவிக்குள் இருப்பது யாது என்று காண்போம். முக்கியமானவை இரண்டே. ஒன்று முடுக்கமானி. மயிரிழையினும் மெல்லிய சிலிக்கன் விற்சுருள்களில் ஒரு சிறு நிறை தொங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். கை அசையும்போது இந்நிறை சற்றே பின்தங்கும். அதனால் அருகிலுள்ள தகடுகளின் மின்தேக்குத்திறன் மாறும். அம்மாற்றம் முடுக்கமாகக் கணிக்கப்படும். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளிலும் இவ்வாறு அளவை நடைபெறுகிறது. புவியீர்ப்பையும் இது உணர்வதால், கை எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதும் தெரிந்துவிடும். சில கருவிகளில் சுழற்சியை உணரும் கைரோஸ்கோப்பும் உடனிருக்கும்.

மற்றொன்று, கடிகாரத்தின் அடிப்புறத்தில் பச்சையாக மினுக்கும் விளக்கு. பச்சை ஒளியை இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் நன்கு உட்கவர்கிறது. இதயம் சுருங்கும்தோறும் தோலடி நாளங்களில் இரத்தம் மிகும். திரும்பிவரும் ஒளி குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித் துடிப்பு கிடைக்கும். இம்முறை புதியதன்று. 1930களிலேயே அமெரிக்க உடலியலறிஞர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் இதனைக் கையாண்டு ஆய்வுரைகள் வெளியிட்டுள்ளார். அன்று மேசையை நிரப்பிய சாதனம் இன்று ஒரு ரூபாய் நாணயத்தின் அடியில் ஒளிந்துகொள்ளும் அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பதே புதுமை.

இவ்விரண்டு உணர்விகளும் தத்தம் வேலையில் மட்டமானவை அல்ல. நாம் நடக்கும்போது கை முன்னும் பின்னும் ஊசல்போல் ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் ஒழுங்கை முடுக்கமானி எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறது. ஓய்வாக அமர்ந்திருப்பவரின் நாடியைப் பச்சை விளக்கு பெரும்பாலும் செம்மையாகவே சொல்கிறது. நடப்பவனுக்காகப் பிறந்த கருவி இது. 1965ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மன்போ-கெய்' என்னும் அடியெண்ணியின் பேரப்பிள்ளை என்றுகூடச் சொல்லலாம். அப்பெயருக்குப் பதினாயிரம் அடி மானி என்று பொருள். நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி நடக்கவேண்டும் என்று இன்று பலர் வேதவாக்காகச் சொல்வதன் தோற்றுவாய் அந்த விற்பனைப் பெயரே!

நடப்பவனுக்காகப் பிறந்ததை இயந்திரத்தின்முன் உட்கார்ந்திருப்பவனின் கையில் கட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. லெக் பிரெஸ்ஸில் கால்கள் உழைக்கின்றன. கைகளோ இருக்கையின் பக்கப் பிடிகளைப் பற்றியபடி அசையாமல் இருக்கின்றன. மணிக்கட்டின் முடுக்கம் ஏறத்தாழச் சுழி. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் உரிய மற்ற இயந்திரங்களிலும் இதே கதைதான். ஓடுபொறியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடப்பவரின் அடிகளும் கணக்கில் வராமற் போகின்றன. நமது பழைய தேகப்பயிற்சிகளையே எடுத்துக்கொள்ளுங்களேன். கர்லாக்கட்டை சுழற்றினால் கருவி துள்ளிக் குதிக்கும். தண்டால் எடுத்தாலோ உள்ளங்கை தரையில் ஊன்றியிருக்கிறது. உடல் முழுதும் ஏறி இறங்குகிறது, மணிக்கட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முன்கை சற்றுச் சாய்வதைக் கொண்டே கருவி ஊகிக்கவேண்டும். உடம்பின் எந்த உறுப்பு உழைக்கிறதோ அங்கு அளவுகோலை வைக்காமல் வேறிடத்தில் வைத்துவிட்டுக் கருவியைக் குறைசொல்வது சரியா என்று நீங்கள் கேட்கலாம். சரிதான், ஆனால் எல்லாப் பயிற்சியையும் அளப்பேன் என்று விளம்பரம் சொல்கிறதே! நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டு முறைகள் உள்ளன என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறார்கள். திரையில் 'எடைப் பயிற்சி' என்ற பெயரைத் தொட்டதனால் கருவிக்குள் புதிய உணர்வி ஒன்று முளைத்துவிடுவதில்லை.

கைகளே உழைக்கும் இயந்திரங்களில் நிலைமை சற்று மேல். கைகளை மடக்கி எடை தூக்கும்போது முன்கை கீழ்நோக்கிய நிலையிலிருந்து மேல்நோக்கிய நிலைக்குத் திரும்புகிறது. ஈர்ப்பின் திசை கருவிக்கு முற்றிலும் தலைகீழாவதால், அது எண்ணுவதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தார் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ரெக்கோஃபிட்' என்னும் ஆய்வில், முன்கையில் கட்டிய உணர்வி ஒன்று பயிற்சி எது என்பதை இனங்கண்டதோடு, எத்தனை தடவை செய்யப்பட்டது என்பதையும் நூற்றுக்கு 93 சந்தர்ப்பங்களில் ஒன்றுக்கு மேல் பிசகாமல் எண்ணியது. இது பாராட்டத்தக்க சாதனை. எண்ணிக்கை என்ற அளவில் இக்குறை நாளடைவில் இன்னும் தீரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எண்ணிக்கைக்கு அப்பால் உள்ளதே உண்மையான வினா. தலைக்கு மேலுள்ள கம்பியைப் பிடித்துக் கீழே இழுக்கும் இயந்திரத்தைக் கருதுவோம். ஜிம்காரர்கள் லாட் புல்டவுன் என்பார்கள். கம்பியில் வடம், வடம் கப்பியின்மேல் சென்று மறுமுனையில் எடை அடுக்கைத் தூக்குகிறது. எத்தனை தட்டுகள் எழவேண்டும் என்பதை ஒரு சிறு ஊசியைத் துளையில் செருகி முடிவு செய்கிறோம். கை 60 சென்டிமீட்டர் கீழே வந்து மீண்டும் மேலே செல்வதற்கு 4 வினாடி ஆகிறது என்க. இதனை எளிய சீரிசை இயக்கமாகக் கொண்டால் வீச்சு 0.3 மீட்டர், கோண அதிர்வெண் வினாடிக்கு 1.57 ரேடியன், பெரும முடுக்கம் 0.3 × 1.57 × 1.57, அதாவது ஏறத்தாழ 0.74 மீ/வி². ஈர்ப்பு முடுக்கத்தில் இது நூற்றில் 8 பங்குகூட இல்லை. எனினும் கருவிக்கு இதனை உணரும் நுட்பம் உண்டு, அதைக் குறைசொல்லவில்லை.

இப்போது ஊசியை 10 கிலோகிராம் துளையில் செருகி இதே வேகத்தில் இழுங்கள். பிறகு 40 கிலோகிராம் துளையில் செருகி அதே வேகத்தில் இழுங்கள். மணிக்கட்டின் முடுக்கம் இரண்டிலும் 0.74 தான்! வடத்தின் இழுவிசையோ முதலதில் ஏறத்தாழ 98 நியூட்டன். இரண்டாவதில் 392 நியூட்டன். முடுக்கத்தால் இந்த 392இல் ஏற்படும் கூடுதல் குறைவு 30 நியூட்டன் அளவே. மீதமெல்லாம் நிறையைப் பொறுத்தது. அந்த நிறையோ ஊசி செருகிய துளையில் இருக்கிறது, மணிக்கட்டில் இல்லை. இயக்கத்தை விவரிப்பது வேறு, அவ்வியக்கத்துக்குக் காரணமான விசையைக் கூறுவது வேறு என்று முதலாண்டு வகுப்பில் நாம் சொல்லித் தருகிறோமே, அந்தப் பாடம் இங்கே கண்முன் நிற்கிறது. முடுக்கமானியை எவ்வளவு நுட்பமாக்கினாலும், எத்தனை செயற்கை நுண்ணறிவைச் சேர்த்தாலும், கொடுக்கப்படாத நிறையை அது கண்டுபிடிக்க இயலாது. பளு மிகும்போது கை நடுங்குவதையும் வேகம் குறைவதையும் வைத்து ஊகிக்கலாம். ஊகம் அளவையாகாது.

ஊசி காட்டும் எண்ணை நாமே கருவிக்குள் பதிந்துவிட்டால்? பல கருவிகளின் செயலிகளில் அதற்கு இடமுண்டு. ஆனால் அந்த எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. ஒரு கூடத்தில் 40 கிலோகிராம் இழுத்தவர் மற்றொரு கூடத்தில் 20 கிலோகிராமுக்கே திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். பலம் குறைந்துவிட்டதோ என்று அவர் கவலைப்படுவார். பார்க்கவேண்டியது கப்பிகளை. வடம் நிலையான கப்பியின்மேல் மட்டும் சென்றால், 40 கிலோகிராமைத் தூக்க 40 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். எடை அடுக்கோடு சேர்ந்து நகரும் கப்பி ஒன்று இருந்தாலோ பளு இரு வடங்களில் பங்கிடப்படும். பாதி விசை போதும். ஆனால் கை ஒரு மீட்டர் நகர்ந்தால் எடை அரை மீட்டரே உயரும். செய்த வேலை இரண்டு வழியிலும் 196 ஜூல்தான். சாய்வான லெக் பிரெஸ்ஸில் வேறு கணக்கு. தண்டவாளம் 45 பாகைச் சாய்வில் இருந்தால், வைத்த 100 கிலோகிராமில் 71 கிலோகிராம் அளவே கால்களைத் தள்ளுகிறது. மீதியைத் தண்டவாளம் தாங்கிக்கொள்கிறது. அதனோடு நகரும் சட்டத்தின் எடையைக் கூட்டவேண்டும், உராய்வையும் கருதவேண்டும். என் மாணவரின் நூறு கிலோ இவ்வாறு தேய்ந்தது கண்டு அவர் முகம் சற்று வாடிற்று. 1970ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஆர்தர் ஜோன்ஸ் 'நாட்டிலஸ்' இயந்திரங்களில் வட்டக் கப்பிக்குப் பதிலாக ஆரம் மாறுபடும் வளைசக்கரத்தைப் புகுத்தினார். அதில் ஒரே இழுப்பிற்குள்ளேயே வேண்டிய விசை மாறிக்கொண்டே வரும்.

கப்பியும் வடமும் நம் பகுதிக்குப் புதியவை அல்ல. மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து ஆகாயக் கம்பிவட வழியே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டிகளில் போடிக்கு வந்த காலம் ஒன்றுண்டு. டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைக் கொண்டுவந்த சிறு ரயில்பாதை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. வடம் நகரும் வேகத்தைப் பார்த்து மட்டும் அதில் தொங்குவது எத்தனை பெட்டித் தேயிலை என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது.

இனிக் கலோரிக்கு வருவோம். மேற்சொன்ன இயந்திரத்தில் 40 கிலோகிராமை 0.6 மீட்டர் உயரம் 36 தடவை தூக்கினால் செய்யப்பட்ட வேலை 40 × 9.8 × 0.6 × 36, அதாவது ஏறத்தாழ 8,470 ஜூல். ஒரு கிலோ கலோரி 4,184 ஜூல். ஆக, வியர்க்க விறுவிறுக்கச் செய்த மூன்று சுற்றின் பயன் 2 கிலோ கலோரி! தசையின் பயனுறுதிறன் நூற்றுக்கு 20 முதல் 25 என்று கொண்டால் உடலில் எரிந்தது 8 முதல் 10 கிலோ கலோரி. எடையை மெல்ல இறக்குவதற்கும் சிறிது செலவாகும். 60 கிலோகிராம் எடையுள்ளவர் சும்மா இருந்தாலும் பத்து நிமிடத்தில் 10 கிலோ கலோரி செலவாகும். எல்லாம் சேர்த்தாலும் அந்தப் பத்து நிமிடத்துக்கு 20, 30 என்ற அளவில்தான் நிற்கும். அதே மனிதர் போடியடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் 1,000 மீட்டர் உயரம் ஏறினால் செய்யும் வேலை 140 கிலோ கலோரி. எரிவது 560 அளவில். எடைப் பயிற்சியின் பயன் தசை வலுப்பெறுவதில் இருக்கிறது. அது காட்டும் கலோரியில் இல்லை.

கருவி இவ்வாறெல்லாம் கணக்கிடுவதில்லை. அதற்கு விசை தெரியாது என்று கண்டோம். ஆகவே அது நாடியை நாடுகிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் இதயத் துடிப்பு கூடக்கூட உடல் உட்கொள்ளும் ஆக்சிஜனும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுகிறது. ஆக்சிஜன் தெரிந்தால் ஆற்றல் தெரியும். நல்ல வழிதான்; ஆனால் இது நடைக்கும் ஓட்டத்துக்கும் உரிய உறவு. மூச்சை அடக்கிக்கொண்டு பளுவைத் தள்ளும்போது நெஞ்சின் உள்ளழுத்தமும் இரத்த அழுத்தமும் எகிறுகின்றன. அதற்கேற்ப இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஆக்சிஜன் செலவு அவ்வளவுக்குக் கூடுவதில்லை. ஓட்டத்துக்குரிய சூத்திரத்தை இதில் புகுத்தினால் கலோரி ஊதிப் பெருகும். போதாக்குறைக்கு, கம்பியை இறுகப் பற்றும்போது மணிக்கட்டின் நரம்புகளும் தசைநாண்களும் புடைத்துக் கருவியைச் சற்றே தூக்குகின்றன. வெளியொளி உள்ளே புகுகிறது. பச்சை விளக்கின் கணக்கே பிசகுகிறது. இரத்த அழுத்தத்துக்காக அடினலால் போன்ற மருந்து உட்கொள்பவரின் இதயமோ உழைப்புக்கேற்ப வேகம் கொள்வதில்லை. அவர் விஷயத்தில் கருவி எதிர்ப்புறமாகத் தவறும்.

இவை வெறும் தாள் கணக்கல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேரைக் கொண்டு, ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்து 2017ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இதயத் துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை நூற்றுக்கு 5க்கும் குறைவு, இது மெச்சத்தக்கது. ஆற்றல் செலவிலோ மிகச் சிறந்த கருவியின் சராசரிப் பிழையே நூற்றுக்கு 27. மிக மோசமானதன் பிழை 93. இதில் கவனிக்கவேண்டியது, அவர்கள் சோதித்தவை நடை, ஓட்டம், சைக்கிள் ஆகியவையே. கருவிக்கு உகந்த ஆடுகளத்திலேயே இந்நிலை என்றால் எடை இயந்திரத்தில் என்னாகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். தோலின் நிறம் கருமையாக இருந்தால் பிழை மிகுந்தது என்றும் அவ்வாய்வு கூறுகிறது. நம் நாட்டில் வாங்கிக் கட்டுவோர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். அதன் பின்னர் வந்த கருவிகள் முன்னேறியிருக்கின்றன. ஆனால் மணிக்கட்டில் விசையளவி எதுவும் வந்துவிடவில்லை.

எனக்குப் பெருங்குறையாகப் படுவது பிழையன்று. பிழையில்லாத கருவி உலகில் ஏது? பிழையை மறைப்பதே குறை. தனி ஊசல் சோதனையில் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஈர்ப்பு முடுக்கம் 9.8134 என்று எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். கடைசி இரண்டு இலக்கங்களுக்கு உனக்கு உரிமையில்லை என்கிறோம். இக்கருவியோ 317 கிலோ கலோரி என்று கடைசி இலக்கம்வரை பளிச்சென்று காட்டுகிறது. நூற்றுக்கு 27 பிழை என்றால் அந்த 317, 230க்கும் 400க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். 'ஏறத்தாழ 300' என்று காட்டினால் விற்பனை குறையுமோ என்னவோ! அந்த 7ஐ நம்பித்தான் சிலமலையில் ஒருவர் இட்லியை எண்ணிக்கொண்டிருக்கிறார். நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்வோர் இந்த எண்ணைக் கொண்டு உணவையோ மருந்தையோ மாற்றுவது ஆபத்தானது. அதற்கு மருத்துவரும் இரத்தச் சர்க்கரைச் சோதனையும் உண்டு.

தயாரிப்பாளர்களும் இக்குறையை உணராதவர்கள் அல்லர். ஆப்பிள் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் ஓடுபொறி, பயிற்சி சைக்கிள் போன்ற இயந்திரங்களும் கடிகாரமும் ஒன்றுக்கொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டை அறிவித்தது. ஓடுபொறியின் வேகமும் சாய்வும் இயந்திரத்துக்குத்தான் தெரியும், மணிக்கட்டுக்குத் தெரியாது என்பதன் ஒப்புதல் இது. எடை இயந்திரத்திலும் விசையளவியை வடத்திலோ எடை அடுக்கிலோ பொருத்துவதே நேரிய வழி. நம் ஊர்க் கூடங்களில் அது வரும்வரை நாடியைச் செம்மையாக அறிய விரும்புவோர், இதயத்தின் மின்துடிப்பை நேராக உணரும் மார்புப் பட்டையை நாடலாம்; பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982ஆம் ஆண்டிலேயே அதனைக் கம்பியில்லாமல் கைக்கடிகாரத்தோடு இணைத்துவிட்டது. கால் இயந்திரங்களில் கருவியைக் கணுக்காலில் கட்டிப் பார்ப்பதும் ஒரு நல்ல சோதனை. எண்ணிக்கை ஓரளவு தேறும். நாடி அளவை கெட்டாலும் கெடும்.

ஜிம்முக்குச் செல்லும் மாணவர்கள் செலவின்றிச் செய்யத்தக்க பரிசோதனை ஒன்றும் உண்டு. ஒரே இயந்திரத்தில், ஒரே தாளகதியில், முதல் நாள் இலேசான எடையும் மறுநாள் அதைப்போல் இருமடங்கு எடையும் வைத்துப் பன்னிரண்டு தடவை இழுங்கள். வேகம் மாறாதிருக்க நண்பர் ஒருவர் வினாடியை எண்ணட்டும். எண்ணிக்கை, நாடி, கலோரி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கலோரி இருமடங்காயிற்றா என்று பாருங்கள்.

என் மாணவர் இதனைச் செய்துவிட்டு மறுவாரம் வந்தார். இம்முறை அவர் நீட்டியது கையையன்று, நாற்பது பக்க நோட்டு ஒன்றை. நாள், இயந்திரம், ஊசியின் எண், தடவை என்று கோடு போட்டு எழுதியிருந்தார்; ஒவ்வோர் இயந்திரத்துக்கும் கப்பிகளின் படம் வேறு. தந்தையாரின் இரத்தச் சர்க்கரை அளவுகளையும் கடைசிப் பக்கத்தில் அவரே குறித்து வருகிறாராம். படங்களில் ஒன்று மட்டும் தவறு: நகரும் கப்பியை நிலைக்கப்பியாக வரைந்துவிட்டார். அதைத் திருத்தி, அந்த இயந்திரத்துக்கு எழுதிய விசைகளையெல்லாம் பாதியாக்கினோம்.